பாயும் மெத்தையும் தூசியும்

மட்டக்களப்பின் வரலாற்றை எழுதியோர் பலர். எஸ். ஓ. கனகரத்தினம் 1921ஆம் ஆண்டிலேயே இம்மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் செய்தார். பண்டிதர் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தது. கோயிலும் குடியும் கூத்தும் கோட்டையும் பற்றி அறிய விழைவோர்க்கு இத்தகைய நூல்கள் உண்டு. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள் அவற்றினும் மிகச் சிறியது. நாள் முழுதும் உழைத்த மனிதன் இரவிலே தலைசாய்க்கும் இடத்துத் தூசியே அது. யார் அதை உண்டாக்கினர், யார் அதைக் கூட்டினர், யாருடைய நெஞ்சுக்குள் அது போய்ச் சேர்ந்தது என்று கேட்கத் தொடங்கினால், சமுதாயத்தின் முழு அமைப்பையுமே தொடவேண்டியதாகிறது.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் கிழக்கே எழுவான்கரை, மணல் நிலம். மேற்கே படுவான்கரை, களிமண் வயல்நிலம். மாரி கழிந்து சில திங்கள் சென்றதும் கச்சான் எழுகிறது. தென்மேற்கிலிருந்து புறப்பட்ட காற்று, தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, வறண்டு வெதும்பி இப்பக்கம் இறங்கும். சிறுபோக அறுவடையும் சூடடிப்பும் அக்காலத்திலேயே வருவதால், வயற்புழுதியும் வைக்கோற்றூளும் நெற்சுணையும் ஒன்றாய்க் கலந்து வீட்டுக்குள் நுழையும். கச்சான் காலத்தில் படுக்கையைத் தட்டாமல் படுத்தவர் இரவு முழுதும் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

இக்காற்றுக்கு எதிராக நம் முன்னோர் கண்ட வழி எளியது. ஆயின் அறிவு நிரம்பியது. களிமண் சுவரும் ஓலை அல்லது வைக்கோற் கூரையும் உடைய வீட்டில் மண்தரையே தூசியின் ஊற்று. காலடி படப்பட அது பொடியாகும். அதனைச் சாணமும் மண்ணும் கரைத்து மெழுகினர். சாணத்திலுள்ள செரியாத புல்லின் நார் மண்ணைப் பிணித்து, மேற்பரப்பை இறுக வைத்தது. பெருக்குமுன் நீர் தெளிப்பதும் இதன்பாற்பட்டதே. உலர்ந்த தரையில் விளக்குமாற்றை வீசினால் தூசி எழுந்து காற்றில் மிதந்து மீண்டும் படுக்கையிலேயே இறங்குமன்றோ? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், காசநோய்க்கு அஞ்சிய ஐரோப்பிய மருத்துவர், உலரப் பெருக்காதீர், ஈரத்துணியால் துடையுங்கள் என்று போதித்தனர். வாவிக்கரைக் குடிசைப் பெண்ணுக்கு அவ்வறிவுரை தேவைப்பட்டிராது.

இன்னொன்றும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பழைய வீட்டில் ‘படுக்கையறை’ என்று தனியே ஒன்று பெரும்பாலும் இருந்ததில்லை. உள்ளறை இருந்தது, அங்கே நெல்லும் துணிமணியும் இருந்தன. மனிதர் திண்ணையிலும் முற்றத்திலும் பாய் விரித்துப் படுத்தனர். அந்தப் பாயோ பன்னைக் கொணர்ந்து உலர்த்திச் சாயமிட்டுப் பெண்கள் தம் கையாலே இழைத்தது. காலையில் அதனை உதறிச் சுருட்டி வைப்பர். இடையிடையே வெயிலில் விரிப்பர். பகலில் படுக்கையே இல்லாத வீட்டில் படுக்கைத் தூசி எங்கே தங்கும்?

மொழியைச் சற்றே உரசிப் பார்த்தால் பின்வந்த மாற்றம் புலனாகும். கட்டில், மெத்தை, பஞ்சணை என்பன நம் சொற்கள். யன்னல், அலமாரி, மேசை ஆகியவை போர்த்துக்கேயர் தந்தவை. அவர்கள் 1628இல் புளியந்தீவிலே கோட்டை கட்டினர்; 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். காற்று வரும் வழி என்னும் பொருளில் ‘காலதர்’ என்ற அழகிய சொல் நம்மிடம் முன்பே இருந்தது. சிலப்பதிகார மாளிகைக்குக் காலதர் உண்டு. மாளிகையில் வாழாதவர் நாவில் அச்சொல் எவ்வாறு நிலைக்கும்? பண்டிதர் சிலர் ‘யன்னல்’ என்பதைக் கண்டித்து எழுதுவர். சொல்லைக் கடிவதை விட்டு, யன்னல் வைக்க வசதியற்ற வீடுகளை எண்ணிப் பார்த்திருந்தால் நலமாயிருக்கும்.

யன்னலும் கட்டிலும் முதலிற் சேர்ந்த இடம் போடியார் மனை. கல்வீடு, ஓட்டுக்கூரை, சீமெந்துத் தரை, இலவம்பஞ்சு மெத்தை. அங்கே தூசி படியவில்லை என்றால், அதனைத் துடைக்கக் கூலிக்கு ஒரு கை இருந்தது என்பதே பொருள். அதே போடியாரின் வயலில் சூடு மிதித்துச் சுணையை மூச்சாக இழுத்தவன் மண்தரைக்குத் திரும்பினான். நிலவுடைமை நெல்லைப் பங்கிட்டது போலவே தூசியையும் பங்கிட்டது.

பெண்ணின் நிலை இதிலே விசித்திரமானது. இப்பகுதியில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு மகளுக்கே சீதனமாய்ச் செல்லும். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். மானிடவியலாளர் பலர் வியந்து ஆராய்ந்த வழக்கம் இது. வீட்டின் உரிமை பெண்ணுக்கு. விளக்குமாறும் அவளுக்கே. பிந்தியதைக் குறித்து வியந்தவர் மிகக் குறைவு.

1934–35இல் இலங்கையை வாட்டிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அதன்பின் 1940களின் நடுவில் டீ.டீ.ரீ. வந்தது. நுளம்பு இரத்தம் குடித்தபின் சுவரில் சென்று ஓய்வெடுக்கும் ஆதலால், மக்கள் உறங்கும் இடத்துச் சுவர்களிலே மருந்தை விசிறினர். தூய்மை பற்றிய பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இங்கே ஒரு முரண்பாடு தோன்றிற்று. சுவரில் வெண்மையாய்ப் படிந்த மருந்துத் தூள் பல மாதம் நிலைத்திருந்தாற்றான் பயன். மண்வீட்டுப் பெண்ணோ சுவரை மெழுகித் தூய்மை செய்யப் பழகியவள். மெழுகினால் மருந்து மண்ணுக்குள் மறையும். மண்சுவர் உள்ள நாடுகளிலெல்லாம் சுகாதாரப் பகுதியினர் எதிர்கொண்ட சிக்கல் இது. எனினும் 1963இல் இந்நாட்டில் 17 நோயாளரே காணப்பட்டனர். பின்னர் விசிறல் தளர்ந்ததும், 1968–69இல் மலேரியா இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. முற்றாய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016இலேதான்.

1964இல் ஒல்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர், வீட்டுத்தூசியால் வரும் இழுப்பு நோய்க்குத் தூசியில் வாழும் ஓர் உண்ணியே மூலகாரணம் என்று காட்டினர். ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்களவே உள்ள அவ்வுயிர், நம் உடலிலிருந்து உதிரும் தோற்செதிலைத் தின்று வாழ்வது. அது நீர் அருந்துவதில்லை. காற்றின் ஈரத்தையே உறிஞ்சி உயிர்தரிப்பது. அதன் எச்சமே மூச்சுக்குழாயை இறுக்குவது. கடலும் வாவியும் இருபுறமும் சூழ்ந்த எங்கள் மண்ணைவிட அதற்கு உகந்த இடம் வேறு எது? தடித்த பஞ்சுமெத்தையின் உள்ளே ஈரமும் சூடும் உணவும் ஒருங்கே கிட்டுகின்றன. மெல்லிய பாயில் அது ஒளிய இடமில்லை. வெயிலில் விரித்தால் உலர்ந்து மடியும். 1994இல் சிட்னியில் கம்பளங்களை வெயிலில் விரித்துச் செய்த சோதனையும் இதனையே மெய்ப்பித்தது. பாயிலிருந்து மெத்தைக்கு ஏறியதை நாகரிகம் என்று கொண்டவர்கள், பாயோடு சேர்ந்திருந்த வெயிலைக் கைவிட்டுவிட்டனர். மெத்தையை வெறுக்கச் சொல்லவில்லை. முதுகு நோகும் உழைப்பாளிக்கு மெத்தை வேண்டும். உறையைக் கொதிநீரில் துவைப்பதும், தலையணையையும் மெத்தையையும் வெயிலுக்குக் கொண்டுவருவதும், தரையை ஈரத்துணியால் துடைப்பதும் செலவில்லாதவை. செலவில்லாதவை என்றேன், பெண்ணின் நேரத்தை நாம் செலவாகக் கணக்கிடுவதில்லை என்பதால் அவ்வாறு சொல்ல முடிகிறது.

தரையைப் பளபளப்பாக வைத்துக்கொண்டு, யன்னலைச் சாத்தி, குழந்தையின் கட்டிலடியில் நுளம்புச் சுருள் கொளுத்துவோரும் உளர். ஒரு சுருள் எரிந்து முடிகையில் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு நிகரான நுண்துகளை வெளியிடுகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. வலையைக் கட்டுவதே மேல்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தூசி கூரையிலிருந்து வருவது. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. கிடுகு கட்டியவர் தகரத்துக்கும் அஸ்பெஸ்ரஸ் தகட்டுக்கும் மாறத் தலைப்பட்டனர். மலிவு, கறையான் அரிக்காது, ஆண்டுதோறும் வேயவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் கடற்கோளில் அத்தகடுகள் நொறுங்கி இடிபாட்டோடு கலந்தன. அவற்றை வெறுங்கையால் அள்ளியவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. நீல அஸ்பெஸ்ரஸ் இந்நாட்டில் 1987இலேயே தடைசெய்யப்பட்டது. வெள்ளை வகையும் புற்றுநோய் தருவதே. அதனையும் கட்டுப்படுத்த அரசு முனைந்தபோது, 2017 டிசம்பரில் ருசியா, ஒரு வண்டைக் காரணங்காட்டி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்ரஸை விற்கும் நாடும் அதுவே. சில நாட்களில் தேயிலைக்கு வழி திறந்தது. அஸ்பெஸ்ரஸ் தடை பின்தள்ளப்பட்டது. ஏழையின் படுக்கைக்கு மேலுள்ள கூரை உலகச் சந்தையிலே விலைபேசப்படுவது இவ்வாறுதான்.

போர்க்காலத்தில், 1990இலும் வாகரை மக்கள் வெளியேறிய 2006–07இலும், மணலின்மேல் விரித்த கூடாரமே ஆயிரக்கணக்கானோரின் துயிலிடமாயிற்று. அங்கே கூட்டுவதற்குத் தரையே இல்லை.

இப்பொழுது இதன் மறுபக்கம் கடல்கடந்து கிடக்கிறது. 1980கள் தொட்டு வாவியின் இருகரைப் பெண்களும் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப்பணிக்குச் சென்று வருகின்றனர். பாலைவனத்துப் புழுதிக்காற்று வீசி ஓய்ந்ததும், றியாத்திலும் குவைத்திலும் அந்நியரின் படுக்கையறைகளை அவர்களே துடைக்கின்றனர். மகளுக்கு ஒரு சீதன வீடு கட்டவேண்டும் என்பதே பலரின் நோக்கம். ஈராண்டு உழைப்பில் அத்திவாரம், மறு ஈராண்டில் சுவர், பின்னர் கூரை. தரைக்கு ஓடு பதிப்பதற்காக மீண்டும் ஒருமுறை விமானம் ஏறுவோர் உண்டு. அதுவரை, பூசப்படாத சுவர்களுக்கிடையே, சீமெந்துத் தூள் உதிரும் அந்த அறையில், பாட்டியும் பேரப்பிள்ளைகளும் பாய் விரித்துப் படுக்கின்றனர்.