வளைகுடாவின் இரத்தப் புற்றுநோயாளரும் கோவிட் பாதுகாப்பும்

கோவிட் மருந்துகளுக்கு அனுமதி தருவதில் வளைகுடா நாடுகள் தாமதிக்கவில்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2020 டிசம்பரிலேயே சைனோஃபார்ம் தடுப்பூசியைப் பதிவு செய்தது. 2021 மே இறுதியில் எதிர்ப்பொருள் மருந்தான சொட்ரோவிமாபுக்கு உரிமம் தந்தது. அதே ஆண்டு நவம்பரில் பஹ்ரைன் எவுஷெல்டு என்ற எதிர்ப்பொருள் ஊசிக்கு அவசர அனுமதி வழங்கியபோது அமெரிக்கா இன்னும் முடிவெடுத்திருக்கவில்லை. இந்த வேகத்தால் இரத்தப் புற்றுநோயாளர் எவ்வளவு காக்கப்பட்டனர் என்பது வேறு கேள்வி. அவர்களின் பாதுகாப்பை மருந்துக் கொள்முதலாகவே அரசுகள் பார்த்தன. தங்குமிடம், காற்று, விடுப்பு ஆகியவை அந்தக் கணக்கில் வரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமீரகத்திலும் பஹ்ரைனிலும் நடந்த சைனோஃபார்ம் ஆய்வின் 2021 அறிக்கைப்படி, பங்கேற்றோரின் சராசரி வயது 36. 84 விழுக்காட்டினர் ஆண்கள். 78 விழுக்காடு என்ற பயன்திறன் இவர்களிடம் அளக்கப்பட்டது. ரிட்டுக்ஸிமாப் ஏற்றிக்கொள்ளும் லிம்போமா நோயாளியின் நிலை வேறு: எதிர்ப்பொருள் சுரக்கும் அணுக்களாக மாறவேண்டிய பி அணுக்களையே அம்மருந்து அழித்துவிடுகிறது. நாட்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா கொண்ட 167 பேரிடம் இஸ்ரேலில் ஃபைசர் தடுப்பூசியைச் சோதித்தபோது 39.5 விழுக்காட்டினரிடமே எதிர்ப்பொருள் உருவானது. முந்தைய 12 மாதங்களுக்குள் ரிட்டுக்ஸிமாப் வகை மருந்து பெற்றவர்களில் ஒருவரிடம்கூட இல்லை. எதிர்ப்பொருள் போதாதவர்களுக்கு 2021 மார்ச்சில் அமீரகம் மூன்றாம் டோஸ் தரத் தொடங்கியது நல்ல முடிவுதான். டி அணுக்கள் ஓரளவு கைகொடுக்கும். அதற்குமேல் எதிர்பார்ப்பது மிகை.

எவுஷெல்டு அந்த இடைவெளியை நிரப்பியது, சில காலம். எக்ஸ்பிபி, பிக்யூ.1 திரிபுகள் அதைச் செயலிழக்கச் செய்ததால் 2023 ஜனவரி 26 அன்று அமெரிக்கா அனுமதியை நிறுத்தியது. அமீரகமோ 2022 நவம்பர் 7 முதலே தடுப்பூசி, பரிசோதனை நிலையைக் காட்டும் அல் ஹொஸ்ன் பச்சைப் பாஸையும், மருத்துவமனைகள் போன்ற இடங்கள் தவிர மற்ற எங்கும் முகக்கவசக் கட்டாயத்தையும் கைவிட்டிருந்தது. பொதுவெளிக் காப்பும் ஊசிக் காப்பும் மூன்றே மாதங்களுக்குள் போயின. கட்டுப்பாடுகளை என்றென்றும் நீட்டித்திருக்க முடியாது. ஆனால் அவற்றை நீக்கும்போது இரத்தப் புற்றுநோயாளருக்கென ஒரு மாற்று ஏற்பாடு செய்திருக்கலாம்.

இங்கேதான் நோயாளி தங்கும் அறை முக்கியமாகிறது. ஐரோப்பாவில் சன்னல்கள் மூடிக்கிடப்பது குளிர்காலத்தில், வளைகுடாவில் கோடையில். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி பொதுவாக உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. தொழிலாளர் கேம்ப்களில் ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் என்பது அமீரக விதி. அந்த அளவு முழுதாகக் கிடைத்தாலும், கீமோ முடித்துத் திரும்பும் ஒருவர் அடுக்குக் கட்டிலில் மற்றவர்கள் மூச்சுவிடும் காற்றையே சுவாசிக்கிறார். ஹெப்பா வடிகட்டியும் தனி அறையும் அவருக்கு ஆடம்பரமல்ல, சிகிச்சையின் பகுதி.

தொற்றிவிட்டாலும் சிக்கல் தீராது. கோவிட் மாத்திரையான பாக்ஸ்லோவிட்டிலுள்ள ரிட்டோனாவிர், இரத்தப் புற்றுநோய் மருந்துகளான வெனெட்டோகிளாக்ஸ், இப்ருட்டினிப் ஆகியவற்றின் அளவை இரத்தத்தில் அபாயகரமாக உயர்த்தும். மாற்று ரெம்டெசிவிர், அதைத் தொடர்ந்து மூன்று நாள் நரம்பு வழியே ஏற்ற வேண்டும். செலவும் ஒரு தடை: துபாயின் அடிப்படைக் காப்பீட்டுக்கு ஆண்டு உச்சவரம்பு 1,50,000 திர்ஹம். அதைத் தாண்டும் செலவைத் தாங்க வந்த பஸ்மா திட்டம் மார்பகம், பெருங்குடல், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்காகவே வகுக்கப்பட்டது. லுகேமியாவையும் அதில் சேர்க்க வேண்டும். மருத்துவர் எழுதித்தந்தால் தனி அறையும் சம்பளத்துடன் மூன்று நாள் விடுப்பும் தருவது முதலாளியின் கடமை என விதியில் எழுத வேண்டும். வேலையும் விசாவும் ஒரே கையில் இருக்கும் நாட்டில் நோயாளி தானாக அவற்றைக் கேட்கமாட்டார்.