திருவனந்தபுரத்துத் தமிழ்த்துறைத் தலைமை

கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் தலைமைப் பதவி செட்டிநாட்டுக் கொடையால் உருவானது. கோட்டையூரைச் சேர்ந்த இராம. அழகப்பச் செட்டியார் 1943-இல் அன்றைய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் அளித்தார். தமிழ் ஆராய்ச்சிக்கென ஒரு துறை அமைய வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதன் தலைமைக்கு முதலில் அழைக்கப்பட்டவர் அரியக்குடியில் பிறந்த மு. இராகவையங்கார். கொடுத்தவர் ஊரும் பதவியேற்றவர் ஊரும் காரைக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. துறை அமைந்ததோ மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால்.

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937-இல் தொடங்கியது. அன்றைய திருவிதாங்கூர் மலையாளம் மட்டும் பேசிய நாடு அன்று. நாகர்கோவிலும் அதைச் சூழ்ந்த நாஞ்சில் நாடும் அதற்குள் இருந்தன; திருவனந்தபுரத்தின் கடைத்தெருக்களிலும் அலுவலகங்களிலும் தமிழர் நிறைய இருந்தனர். அந்நாட்டின் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஓர் இருக்கை இருப்பது இயல்பான தேவை. அதற்கான பணம் சமஸ்தானத்துக்கு வெளியிலிருந்து வந்ததுதான் கவனிக்கத்தக்கது. அழகப்பர் பின்னர் சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரிக்கும், காரைக்குடியில் கலைக் கல்லூரிக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கும் வாரிக் கொடுத்ததையே மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். திருவனந்தபுரக் கொடை அவற்றுக்கு முந்தையது, அளவில் சிறியது. ஆனால் தமிழாராய்ச்சிக்கு அதனால் விளைந்த பயன் பெரிது.

அரியக்குடி என்றால் இசை ரசிகர்கள் நினைவுக்கு வருபவர் இராமானுஜ ஐயங்கார் (1890–1967). அவ்வூரே அவர் பெயராகிவிட்டது. அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்த இராகவையங்காரை (1878–1960) அவ்வூரோடு சேர்த்து நினைப்பவர் குறைவு. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை. தந்தை சதாவதானம் முத்துசாமி ஐயங்கார் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவருக்குத் தமிழ் கற்பித்தவர். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவியபோது இராகவையங்கார் அங்கே ஆசிரியப் பணியில் சேர்ந்தார். சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழுக்கும் ஆசிரியராக இருந்தார். ‘வேளிர் வரலாறு’, ‘தொல்காப்பியப் பொருளதிகார ஆராய்ச்சி’, ‘சேரன் செங்குட்டுவன்’ ஆகியவை அந்தப் பின்னணியில் எழுந்த நூல்கள். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியின் பணி 1913-இல் தொடங்கியதும் அதில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்து, ஆறு தொகுதிகளும் வெளிவரும் காலம்வரை உழைத்தார்.

1945-இல் திருவனந்தபுரத்துக்கு வந்தபோது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். இன்றைய விதிகளின்படி ஓய்வு பெற்றிருக்க வேண்டிய வயது. அவருடைய படிப்பும் பல்கலைக்கழகப் படிப்பன்று. அரண்மனையிலும் சங்கத்திலும் பெற்ற மரபுவழிப் புலமை. ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சித் துறையொன்றை அத்தகைய புலவரிடம் ஒப்படைத்ததை இன்றைய நியமனக் குழுக்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். அன்று தலைமை என்பது பெரும்பாலும் நிருவாகம் அன்று. துறைக்கு எது ஆராய்ச்சிப் பொருள் என்று முடிவு செய்வதும், அதைத் தானே செய்துகாட்டுவதும்தான். இராகவையங்கார் தேர்ந்த பொருள் இடத்துக்குப் பொருந்தியது. சேர மன்னர்கள் பாடியனவும் அவர்களைப் பற்றிப் பாடப்பட்டனவுமாகிய செய்யுட்களைத் திரட்டிச் ‘சேரவேந்தர் செய்யுட்கோவை’ என்று தொகுத்தார். பல்கலைக்கழகமே அதை வெளியிட்டது. கேரள வரலாற்றை எழுத வருபவர் சங்கத் தமிழைத் தவிர்க்க முடியாது என்பதை அந்நூல் வாதம் செய்யாமலே நிலைநாட்டியது. செங்குட்டுவன் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவன் என்று அவர் முன்பு எழுதிய கருத்துக்குக் கடும் மறுப்புகள் எழுந்ததுண்டு. அக்கணிப்பு நிலைக்கவில்லை. இலக்கியச் செய்தியையும் கல்வெட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அவருடைய முறை நிலைத்தது.

1951-இல் அவர் விலகிய பின் அவ்விருக்கைக்கு வந்தவர் ச. வையாபுரிப் பிள்ளை (1891–1956). இருவரும் பழைய சகாக்கள்: 1926 முதல் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்தவர் வையாபுரிப் பிள்ளை; அவருக்குக் கீழே பண்டிதராகப் பணியாற்றியவர் இராகவையங்கார். அலுவலகத்தில் தலைவராக இருந்தவர் பல்கலைக்கழகத்தில் பின்வந்தவராக அமர்ந்தார். திருவனந்தபுரம் அவருக்குப் புதிதன்று. இளமையில் அங்கே வழக்கறிஞராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழாராய்ச்சித் துறையை 1936 முதல் 1946 வரை நடத்திய அனுபவமும் உண்டு. நூல்களின் காலத்தைத் தயவின்றிப் பின்தள்ளியவர் என்று தமிழ்நாட்டில் அவர்மேல் கோபம் மிகுந்திருந்த நேரம் அது. அவரை மதித்து அழைத்துக்கொண்ட திருவனந்தபுரத்தைப் பாராட்ட வேண்டும்.

துறையின் போக்கை மாற்றியது ஒரு புலவரோ நூலோ அன்று, எல்லைக்கோடு. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நாஞ்சில் நாட்டு மாணவர்களை நம்பியிருந்த தமிழ்த்துறை, ஒரே நாளில் பெரும்பாலும் மலையாள மாநிலத்துக்குள் நின்ற தமிழ்த்துறையானது. மறு ஆண்டு பல்கலைக்கழகத்தின் பெயரும் கேரளப் பல்கலைக்கழகம் என்று மாறியது. இச்சூழலில் தலைமைக்கு வந்தவர் வ. அய். சுப்பிரமணியம் (1926–2009). நாகர்கோவில் வடசேரிக்காரர். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்று முனைவர் பட்டம் பெற்றவர். முன்னிருவரும் முதுமையில் ஏற்ற பொறுப்பை இவர் இளமையிலேயே ஏற்றார். ஆகவே நெடுங்காலத் திட்டம் தீட்ட முடிந்தது.

திட்டம் எளியது, ஆனால் பல ஆண்டு பிடிப்பது. பழந்தமிழ் நூல் ஒவ்வொன்றுக்கும் சொல்லடைவு செய்வது, அதன் மொழியை மொழியியல் நோக்கில் விளக்குவது. புறநானூற்றுக்கு அவரே சொல்லடைவு செய்து 1962-இல் வெளியிட்டார். மாணவர்களுக்கு ஆளுக்கொரு நூல் கிடைத்தது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் அடித்தளமாகக் கொள்ளும்படி ஆய்வேடுகளை ஒரே வரிசையில் அமைத்ததுதான் அவர் தலைமையின் சிறப்பு. பெரும்பாலான துறைகளில் ஆய்வேடுகள் ஒன்றோடொன்று பேசுவதே இல்லை. மலையாள மாநிலத்தில் இருப்பதையும் அவர் குறையாகக் கருதவில்லை. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, பழங்குடி மொழிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க அதுவே தகுந்த இடம் என்று கொண்டார். 1963-இல் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை தோன்றியது. 1971-இல் திராவிட மொழியியற் கழகம் அமைந்தது. 1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது, தனிநாயகம் அடிகளோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக வழி செய்தவர்களுள் அவரும் ஒருவர். 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தரானார்.

இதே காலத்தில் காரைக்குடியில் வேறொரு தலைமை வளர்ந்துகொண்டிருந்தது. அழகப்பா கல்லூரித் தமிழ்த்துறையை 1948 முதல் 1964 வரை நடத்திய வ. சுப. மாணிக்கம் பிறகு அக்கல்லூரியின் முதல்வரானார். 1970-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராகவும் இந்திய மொழிப்புல முதன்மையராகவும் சென்றார். அங்கிருந்து ஓய்வுபெற்ற பின் திருவனந்தபுரத்தில் திராவிட மொழியியற் கழகத்தின் ஆய்வறிஞராக இருந்தார். 1979-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அப்பல்கலைக்கழகத்தின் முதல் இரு துணைவேந்தர்களான தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரும் மு. வரதராசனாரும்கூடத் தமிழ்த்துறைத் தலைவர்களாக இருந்தவர்களே. தமிழ்த்துறைத் தலைமை ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்தப் பயிற்சி தந்த காலம் அது.

இன்று இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் துறைத்தலைமை பேராசிரியர்களிடையே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழல்கிறது. ஒருவரே பல ஆண்டு அதிகாரம் செலுத்துவதை இது தடுத்தது, நல்லது. ஆனால் நிதிக்குழு, தரமதிப்பீடு, பணிமூப்புப் பட்டியல், காலியிடம் என்று தலைவரின் நாள் கழிகிறது. சுப்பிரமணியம் தொடங்கிய சொல்லடைவு வரிசையைப் போன்ற ஒன்று ஒரு சுழற்சிக்குள் முடியாது. அதை அடுத்தடுத்த தலைவர்கள் ஒப்புக்கொண்டு தொடர்ந்தால்தான் உண்டு. கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை இப்போது திருவனந்தபுரத்துக் காரியவட்டம் வளாகத்தில் இயங்குகிறது. அதிலிருந்து கிளைத்த மொழியியல் துறையும் அங்கேயே உள்ளது.