இரண்டு உதயங்கள் கண்ட பயணம்



தேசப்படத்தில் இரண்டு ஊர்களுக்கு இடையே நூலைப் பிடித்துத் தூரத்தை அளப்பது வகுப்பறையிலே எளிய வேலை. ஆனால் அத்தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் செல்லும் என்று வினவினால், நூல் விடை கூறாது. வரலாறுதான் கூற வேண்டும். நமது தென்கரையிலுள்ள கொக்கலைக்கும் மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே நடைபெற்ற விமானப் பயணம் இதற்குத் தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன், இங்கிலாந்தையும் அவுஸ்திரேலியாவையும் இணைத்த வான்வழி சிங்கப்பூரினூடாகச் சென்றது. 1942 பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது, அவ்வழியும் அடைபட்டது. எனவே, இந்து சமுத்திரத்தை நேரே கடக்கும் துணிகரமான முயற்சி 1943 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கிற்று. குவான்டாஸ் நிறுவனத்தின் கற்றலினாக் கடல் விமானங்கள் பேர்த்தின் சுவான் ஆற்றுக்கும் கொக்கல வாவிக்கும் இடையே பறந்தன.

தூரம் 5,652 கிலோமீற்றர். இடையில் எங்கும் இறங்காமல் அதனைக் கடக்க 27 முதல் 33 மணி நேரம் சென்றது. விமானத்தின் சுமையிற் பெரும்பகுதி எரிபொருளே. ஆதலால் மூன்று பிரயாணிகளுக்கும் 69 கிலோகிராம் தபாலுக்கும் மாத்திரமே இடமிருந்தது. பகைவர் அறியாதிருக்க வானொலி மௌனம் காத்தது, நட்சத்திரங்களே வழிகாட்டின. ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தமை எத்துணைப் பொருத்தம்! ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைக் கண்டமையால், பிரயாணிகளுக்கு ‘இரட்டை உதய இரகசியச் சங்கம்’ எனப் பொருள்படும் நற்சான்றுப் பத்திரமும் வழங்கப்பட்டது. 1945 வரை 271 தடவைகள் இவ்விமானங்கள் கடலைக் கடந்தன.

இத்தூரத்தை இன்றைய ஜெற் விமானம் ஏறக்குறைய ஏழு மணி நேரத்திற் பறந்துவிடும். 2018 ஆம் ஆண்டில் பேர்த்திலிருந்து இலண்டனுக்கே இடைநில்லாச் சேவை தொடங்கிற்று. ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர். சுமார் 17 மணி நேரம். கடல் சுருங்கவில்லை, மனிதனின் பொறியறிவே வளர்ந்தது.

எனினும், மணிக்கணக்கில் அடங்காத விலையொன்றும் உண்டு. கொக்கலையில் போர்க்கால விமானத்தளம் அமைவதற்காக, அங்கு வாழ்ந்த கிராம மக்கள் தம் இல்லங்களையும் தோட்டங்களையும் விட்டு வெளியேற நேர்ந்தது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பி நின்றது. இன்று அதனைச் சார்ந்து அருங்காட்சியகமொன்று விளங்குகின்றது. ஏனைய வீடுகள் பலவற்றுக்கு அடையாளமே இல்லை.

விமானிகளின் தீரத்தை நாம் போற்றுவோம், அது போற்றத்தக்கதே. ஆனால் அவர்கள் வந்திறங்கிய வாவியின் கரையிலே, ஒருசில மைல் தூரம் நடந்து வேறிடத்தில் அடுப்பு மூட்டிய குடும்பங்களையும் மறத்தல் ஆகாது. அவர்களுடைய பயணம் குறுகியது. ஆயினும், அவர்களுட் பலருக்குத் திரும்பிவரும் வழி இருக்கவில்லை. தூரத்தை அளக்கும் மாணவனுக்கு இதனையும் சொல்லிக் கொடுப்பது நம் கடமையாகும்.