நம்பிக்கைக்கும் சோதனை தேவை

திருநெல்வேலி மாவட்டம், மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் 2025 ஜனவரி 17-ஆம் தேதி விகாஸ் என்ஜின் 60 விநாடிகள் இயக்கி நிறுத்தப்பட்டது. 120 விநாடிகளுக்குப் பின் மீண்டும் இயக்கப்பட்டு, 7 விநாடிகள் செயல்பட்டது. ஏவுகலத்தின் பகுதிகளை மீட்டு மறுபடியும் பயன்படுத்தும் முயற்சியில் இது ஒரு படி.

விகாஸ் புதிய என்ஜின் அல்ல. பிரான்ஸின் வைக்கிங் என்ஜின் தொழில்நுட்பத்துக்காக 1974-இல் ஒப்பந்தம் செய்துகொண்ட இந்தியா, தன் பொறியாளர்களின் உழைப்பை அதற்கு ஈடாக அளித்தது. இன்று பிஎஸ்எல்வியில் ஒன்று, ஜிஎஸ்எல்வியில் ஐந்து, எல்விஎம்-3 ஏவுகலத்தில் இரண்டு என விகாஸ் என்ஜின்கள் இயங்குகின்றன. 2023-இல் சந்திரயான்-3 விண்கலத்தைச் சுமந்து சென்றதிலும் அவற்றுக்குப் பங்குண்டு.

இத்தனை காலம் உழைத்த என்ஜினை இன்னமும் சோதிப்பது வீண் செலவு அல்லவா என்ற கேள்வி எழக்கூடும். அதற்கு விடை 2006 ஜூலை 10-ஆம் தேதி கிடைத்தது. இன்சாட்-4சி செயற்கைக்கோளுடன் புறப்பட்ட ஜிஎஸ்எல்வியின் பக்கவாட்டு என்ஜின்கள் நான்கில் ஒன்று செயலிழந்தது. ஏவுகலமும் செயற்கைக்கோளும் அழிந்தன. எரிபொருள் ஓட்டத்தைச் சீராக்கும் கருவியில் நேர்ந்த உற்பத்திப் பிழையே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. ஆய்வாளர்களின் பார்வைக்கும் ஏற்புச் சோதனைக்கும் அப்பிழை தப்பியிருந்தது. வடிவமைப்பில் குறையில்லை. கடந்தகால வெற்றிகள் வடிவமைப்புக்குத்தான் சான்று. தொழிற்கூடத்திலிருந்து வரும் ஒவ்வொரு என்ஜினும் தன் தகுதியைத் தானே மெய்ப்பிக்க வேண்டும்.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தில் இந்தத் தேவை பன்மடங்காகிறது. எல்விஎம்-3 பயணத்தில் விகாஸ் ஏறத்தாழ 200 விநாடிகள் இயங்கினால் போதும். ஆயினும் 2021 ஜூலை 14-ஆம் தேதி 240 விநாடிகள் தொடர்ந்து இயக்கிப் பார்த்தனர். 2022 ஜனவரியில் எரிபொருள் கலவை விகிதத்தையும் அறை அழுத்தத்தையும் இயல்பான அளவிலிருந்து மாற்றி, 25 விநாடிகள் சோதித்தனர். எல்லாம் சரியாக இருக்கும்போது மட்டுமன்றி, சற்றே பிசகும்போதும் என்ஜின் தாங்குமா என்பதே அங்கு எழுப்பப்பட்ட கேள்வி.

சோதனைச் செலவு கணக்கேட்டில் பளிச்செனத் தெரியும். அதனால் தவிர்க்கப்பட்ட இழப்போ எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால்தான் சிக்கனம் பேசப்படும்போது முதலில் வெட்டப்படுவது இத்தகைய செலவாக இருக்கிறது. ஏவுதல்கள் பெருகி, உற்பத்தியில் தொழில்துறையின் பங்கும் கூடும் காலத்தில் இந்த அழுத்தம் வளரும். எத்தனை சோதனைகள் தேவை என்பதைப் பொறியாளர்களே முடிவுசெய்ய வேண்டும். ஏவுதல் நாள்காட்டியோ நிதிநிலை அறிக்கையோ அல்ல.