எக்கோ சவுண்டர்

எக்கோ சவுண்டர்: நீருக்குள் ஒலித்துடிப்பைச் செலுத்தி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கும் சோனார் வகைக் கருவி. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். எதிரொலி இரண்டு நொடியில் வந்தால் ஆழமும் 1,500 மீட்டரே. இந்த ஆங்கிலக் கூட்டுச்சொல்லின் முற்பகுதியான எக்கோ கிரேக்க வழியது, எதிரொலியைக் குறிப்பது. பிற்பகுதி ஓசையைக் குறிக்கும் ‘சவுண்ட்’ அன்று. ஓசைச்சொல் லத்தீனின் ‘சோனுஸ்’ வழி வர, இதுவோ ஆழம் பார்த்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்த காலத்திலேயே மாலுமிகளிடம் வழங்கிய சொல் அது. தமிழ் மீனவர் கடலாழத்தைப் ‘பாகம்’ என்னும் அளவில் சொல்வர். எதிரொலி முறைக்கு ஜெர்மானியரான அலெக்சாண்டர் பேம் 1913இல் காப்புரிமை பெற்றார். மீன்கூட்டம் காட்டும் வகையை ஜப்பானின் ஃபுருனோ 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ‘சாகர் நிதி’ கப்பலில் பல ஒலிக்கற்றைகளைச் செலுத்தும் பல்கற்றை வகை உள்ளது.