ஒரு கேப்ஸ்யூலும் எண்ணூறு டன் கொஞ்சும்

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டு வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். நான் திருவனந்தபுரத்து ஆரியசாலைக்காரன். கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கம்போளம் வழியே நடந்தால் வரும் இடம். திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய கடைத்தெரு அது. கடைக்காரர்களில் நிறையப் பேர் தமிழர்கள். ஆ. மாதவனைப் படித்தவர்களுக்கு அந்தத் தெருவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பக்கத்து வலியசாலையில் இருக்கும் கோயில்தான் ராஜராஜன் காலத்துக் காந்தளூர்ச்சாலையா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் முடிவில்லாமல் சண்டை போடுகிறார்கள். அது வேறு பதிவு.

இந்தப் பதிவு அந்தச் சந்தைக்கு வரும் மீனையும் கோழியையும் பற்றியது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், தூத்துக்குடி மீன் அமரவிளை செக்போஸ்ட் தாண்டி வரும். பிராய்லர் கோழி நாமக்கல், பல்லடம் பக்கத்திலிருந்து வரும். இறாலுக்கு எங்கள் ஊரில் கொஞ்சு என்று பெயர். இங்கே கோலாலம்பூரில் யாரிடமாவது "கொஞ்சு" என்றால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் :-)

எனக்கு இங்கே மருந்துத் தரக்கட்டுப்பாட்டு வேலை. இந்த ஊரும் எங்கள் ஊரும் ஒரு மருந்தின் கதையில் சம்பந்தப்பட்டவை என்பது வேலைக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. மருந்தின் பெயர் குளோராம்பெனிகால். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது குளோரோமைசெட்டின்.

1947இல் வெனிசுவேலா மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரில் இது கிடைத்தது. 1948இல் ஸ்மேடல், உட்வர்ட் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு அதைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் பரிசோதிக்க வந்தது ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலுக்கு. மருந்து கொடுத்த நோயாளிகளில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்று பிறகுதான் தெரிந்தது. அவர்களும் பிழைத்து எழுந்துவிட்டார்கள்! அதுவரை டைபாய்டு என்றால் வாரக்கணக்கில் கஞ்சியும் கண்ணீருமாகக் காத்திருப்பதுதான். 1949இல் ரசாயன முறையில் பெரிய அளவில் தயாரிக்க வழி கண்டார்கள். விலை இறங்கியது, உலகமெங்கும் போயிற்று.

அதே வருடங்களில் நியூயார்க் மாநிலத்து லெடர்லி ஆய்வுக்கூடத்தில் இன்னொரு காரியம் நடந்தது. அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் காலத்தில்தான் ஆரியோமைசின் வந்தது; அந்த மருந்து வெளியுலகுக்கு அறிமுகமான 1948ஆம் வருடமே அவர் இறந்துபோனார். அதன் பிறகு ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர், ஆரியோமைசின் தயாரிப்பில் மிஞ்சிய கசடைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் சீக்கிரம் எடை போட்டன. நோய்க்கான மருந்து தீவனமாக மாறிய கதை அங்கே தொடங்குகிறது. 1955இலிருந்து அமெரிக்காவில் உரித்த கோழியையும், கொஞ்ச நாளில் மீனையும் ஆண்டிபயாடிக் கரைசலில் முக்கி எடுத்து விற்கவே அனுமதி இருந்தது. கெடாமல் இருக்குமாம். 1966இல்தான் அதை நிறுத்தினார்கள். ஐஸ்பெட்டியில் மருந்து கலப்பது இன்றைய மீன் வியாபாரியின் கண்டுபிடிப்பு இல்லை!

ஆபத்தை முதலில் கண்டவர்கள் ஜப்பானியர். 1959 வாக்கில் அகிபா, ஓச்சியாய் இருவரும் தனித்தனியே கண்டது இது: மருந்துக்கு அடங்காத கிருமி, அந்தக் குணத்தைப் பக்கத்திலிருக்கும் வேறு ஜாதிக் கிருமிக்குக் கொடுத்துவிடுகிறது. குட்டிபோட்டுப் பரம்பரையாக வரவேண்டியதில்லை, கைமாற்றுக் கடன் மாதிரி வாங்கிக்கொள்ளலாம். பிரிட்டனில் இது பெரிய விவாதமாகி, 1969இல் ஸ்வான் குழு அறிக்கை வந்தது. மனிதருக்குச் சிகிச்சை தரும் மருந்துகளை எடை கூட்டுவதற்காகத் தீவனத்தில் கலக்காதீர்கள் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் எடை கூட்டும் ஆண்டிபயாடிக்குகளை முழுதாக விலக்கியது 2006இல். முப்பத்தேழு வருடம்.

இப்போது கேரளத்துக்கு வருவோம். 1972இல் கோழிக்கோட்டில் டைபாய்டு பரவியது. குளோராம்பெனிகால் வேலை செய்யவில்லை. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் சி.கே. ஜெயராம பணிக்கரும் கே.என். விமலாவும் அந்தக் கிருமியை ஆராய்ந்து, எதிர்ப்புக் குணம் மற்றக் கிருமிக்குக் கைமாறக்கூடியது என்று அதே வருடம் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஜப்பானியர் சொன்னது நம் வாசலுக்கு வந்துவிட்டது. (மருத்துவ மாணவர்கள் தலையணையாக வைத்துத் தூங்கும் அனந்தநாராயணன்–பணிக்கர் நுண்ணுயிரியல் புத்தகத்தின் பணிக்கர் இவர்தான்.) மெக்சிகோவிலும் அதே வருடம் இப்படி ஒரு பெரும் டைபாய்டு.

எங்கள் வீட்டில் இது வெறும் சரித்திரம் இல்லை. எழுபதுகளின் நடுவில் பெரிய அத்தைக்கு டைபாய்டு. கேப்ஸ்யூல் உள்ளே போகப்போக ஜுரம் ஏறிக்கொண்டே இருந்ததாம். டாக்டர் மருந்தை மாற்றி, அத்தை எழுந்து உட்கார ஒரு மாதம் ஆயிற்று. தலைமுடி முழுக்கக் கொட்டிவிட்டது. அந்த வருடம் பார்த்து வைத்திருந்த சம்பந்தமும் தட்டிப்போயிற்று. "மருந்துக்கு வீரியம் போச்சு" என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். வீரியம் போனது மருந்துக்கு இல்லை, கிருமிக்குத்தான் அது கூடியது என்று சொன்னால் பாட்டிக்குக் கோபம் வரும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டைபாய்டுக் கிருமி மனிதனிடம் மட்டுமே வாழ்வது. ஆகவே அத்தையின் காய்ச்சலைக் கோழியின் தலையில் கட்ட முடியாது. மனிதர்கள் அந்த மருந்தை மிட்டாய் மாதிரி விழுங்கியதே அதற்குப் போதும். ஆனால் சால்மொனெல்லாவின் மற்ற வகைகளும் ஈ.கோலியும் கோழிக் குடலிலும் இருக்கும், நம் குடலிலும் இருக்கும். கைமாற்று நடக்கும் சந்தை அதுதான்.

கோழிக்கோட்டில் டைபாய்டு பரவிய அதே 1972இல் கொச்சியில் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் பிறந்தது. ஒரு காலத்தில் தென்னைக்கு உரமாகப் போட்ட கொஞ்சு, 1953இல் கொச்சியிலிருந்து உறைய வைத்து அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கிய பிறகு டாலராக மாறியிருந்தது. தொண்ணூறுகளில் ஆந்திர, தமிழகக் கரையெங்கும் பண்ணைகள். 1994–95 வாக்கில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் குளமாக அழித்தது. அது வைரஸ் நோய். ஆண்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஆனால் கடன் வாங்கிக் குளம் வெட்டியவன் முன்னால் கொஞ்சு செத்து மிதக்கும்போது, மருந்துக்கடைக்காரன் எதை நீட்டினாலும் அவன் வாங்கிக் கொட்டுவான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

2001–02இல் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் ஆசியக் கொஞ்சில் குளோராம்பெனிகாலையும் நைட்ரோபியூரானையும் பிடித்தன. சீனா, வியட்நாம், பிறகு நம் கன்டெய்னர்கள். குளோராம்பெனிகாலை அவர்கள் விலக்கியதற்கு முதல் காரணம், அபூர்வமாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே அது அழித்துவிடும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவு சொல்ல முடியாது என்பது. 2003இல் வைத்த கண்டுபிடிப்பு அளவு கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அத்தை விழுங்கிய 250 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்றை எண்ணூறு டன் கொஞ்சில் கரைத்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். நாமும் விழுந்தடித்துக்கொண்டு கருவி வாங்கினோம், பட்டியல் போட்டோம். 2005இல் சென்னையில் கடலோர மீன்வளர்ப்பு ஆணையம் வந்தது. அப்படியும் 2016இல் ஐரோப்பா நம் பண்ணைச் சரக்கில் பத்துக்கு ஒன்று என்றிருந்த சோதனையைப் பாதிக்குப் பாதியாக உயர்த்தியது.

இதெல்லாம் கப்பலேறும் கொஞ்சுக்கு. சாலைக் கம்போளத்துக்கு வருவதற்கு? பதப்படுத்தும் ஆலைகளுக்கு உள்நாட்டிலும் தடை காகிதத்தில் இருந்தது. பண்ணைக்குப் போகும் பாட்டிலை யாரும் தடுக்கவில்லை. 2018இல் பார்மலின் மீன் பரபரப்பு வந்தபோது அமரவிளையில் லாரிகளை நிறுத்திச் சோதித்தார்கள். கொச்சி மீன் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் உருவாக்கிய காகிதப் பட்டையை வைத்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். எதிர்ப்புக் கிருமிக்கு அப்படி ஒரு பட்டை கிடையாது. மணம் இல்லை, நிறம் இல்லை. வேகவைத்தால் சாகும், ஆனால் அதற்குள் அரிவாள்மணையிலிருந்து தக்காளிக்குப் போயிருக்கும்.

கோழியின் கதை இன்னும் மோசம். மற்ற மருந்தெல்லாம் தோற்றபின் ஐ.சி.யூ.வில் கொடுக்கும் கோலிஸ்டினை நாம் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். அதற்கு அடங்காத, கைமாறக்கூடிய மரபணுவைச் சீனாவில் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் கண்டு 2015 நவம்பரில் அறிவித்தார்கள். இந்தியா கால்நடைக்குக் கோலிஸ்டினை நிறுத்தியது 2019 ஜூலையில். 2024இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் கேரள, தெலங்கானா பிராய்லர் பண்ணைகளின் கோழி எச்சத்தைச் சோதித்து, பலவகை எதிர்ப்பு மரபணுக்களைக் கண்டார்கள். கேரள அரசு 2018இலேயே தனிச் செயல்திட்டம் போட்ட மாநிலம்; 2024இல் சீட்டு இல்லாமல் ஆண்டிபயாடிக் விற்கும் கடைகளில் சோதனையும் நடத்தியது. எங்கள் தெரு மருந்துக்கடையில் இப்போது சீட்டு கேட்கிறார்கள் என்று தம்பி போனில் அலுத்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

குளோராம்பெனிகாலுக்கு வருகிறேன். உணவுக்காக வளர்க்கும் எந்தப் பிராணிக்கும் அதையோ நைட்ரோபியூரானையோ தயாரிக்கவும் விற்கவும் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது 2025 மார்ச்சில். வெள்ளைக்காரன் தட்டில் பிடிபட்டு இருபத்து மூன்று வருடம் கழித்து, கோழிக்கோட்டுக்கு ஐம்பத்து மூன்று வருடம் கழித்து. இடையில் மருத்துவர்கள் டைபாய்டுக்கு அதைக் கொடுப்பதையே விட்டுவிட்டார்கள். அதனால் இந்தியாவில் இப்போது எடுக்கும் டைபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை குளோராம்பெனிகாலுக்கு மறுபடி அடங்குகின்றன. போன மாதம் அத்தையிடம் இதைச் சொன்னேன். "இப்ப அடங்கி எனக்கென்னடா," என்றாள்.