பெயர் கேட்காத அறை

ஜாலான் புசாரை ஒட்டிய கிளந்தான் லேனில், 31ஆம் புளோக் கீழ்த்தளத்து கிளினிக்கில், பல ஆண்டுகளாக எச்.ஐ.வி. பரிசோதனை நடந்தது. பெயர் கேட்க மாட்டார்கள், அடையாள அட்டை வேண்டாம், ஒரு எண் போதும். நடத்தியது 1988இல் மருத்துவர் ராய் சான் தொடங்கிய ‘ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ்’. பரிசோதனையோடு ஒரு தொண்டூழியர் உட்கார்ந்து பேசவும் செய்வார். யாரிடமும் சொல்லாததைச் சிலர் முதன்முதலில் சொன்னது அந்த நாற்காலியில்தான் இருக்கும்.

அப்போது 377ஏ இருந்தது. 1938இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த அந்தப் பிரிவின்படி ஆணும் ஆணும் உறவுகொள்வது குற்றம். ‘பீப்பிள் லைக் அஸ்’ என்ற தன்பாலீர்ப்பினர் குழு சங்கமாகப் பதிவுசெய்யக் கேட்டது, 1997இல் மறுத்துவிட்டார்கள். நோயின் பெயரைச் சொன்னால் கதவு திறந்தது, சொந்தப் பெயரைச் சொன்னால் திறக்கலை. ஆறுதல் தேடி வந்தவர் முதலில் நோயாளியாகத்தான் வரவேண்டியிருந்தது. நோயைச் சாக்காக வைக்காமல் பேச ‘ஊகாசாகா’ குழு 1999இல் வந்தது.

2022 நவம்பரில் நாடாளுமன்றம் 377ஏவை நீக்கியது. சரி, சட்டம் போயிடுச்சு. ஆனால் தேக்காவில் வாழையிலை முன்னால் உட்கார்ந்து “எப்பப்பா கல்யாணம்?” என்று கேட்கும் சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்ல? அதுக்காகவாவது பெயர் கேட்காத அறை இன்னும் வேண்டியிருக்கு.